சோழவரம் முதல் தீவுத்திடல் வரை: ஒரு ரேஸ் ட்ராக்கை எப்படி எடைபோடுவது?

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய இரண்டு நாட்கள் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றியுள்ள ரோடுகளில் ஃபார்முலா 4 பந்தயம் நடந்தது. முதலில் 2023 டிசம்பர் 9, 10 தேதிகளில் நடப்பதாக இருந்தது. மிக்ஜாம் புயல் வந்து ஊரே தண்ணீரில் நின்றதால் தள்ளிப்போனது. நடுவில் விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. இதைப் பற்றி நம்மவர்கள் பேசியதெல்லாம் மூன்றே விஷயம்தான். ஒன்று டிராஃபிக், இரண்டு செலவு, மூன்று "சென்னைக்குப் பெருமை". மூன்றும் பேச வேண்டியவைதான். ஆனால் அந்த ட்ராக் நல்ல ட்ராக்தானா, இன்னொன்று புதிதாகக் கட்டினால் எப்படி வரைய வேண்டும் என்ற பேச்சு என் கண்ணில் அதிகம் படவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

நான் ரேஸ் ஓட்டியவன் இல்லை. மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். பி.இ. படித்த காலத்து இயற்பியலும், வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் போடும் பழக்கமும்தான் கைமுதல். அதை வைத்துக்கொண்டே ஒரு ட்ராக்கை ஓரளவு எடைபோட முடியும். மூன்று கேள்விகள் போதும்.

1. தப்பு செய்தவன் எங்கே போய் நிற்கிறான்?
2. முந்துவதற்கு இடம் இருக்கிறதா?
3. பந்தயம் முடிந்த திங்கட்கிழமை அங்கே என்ன நடக்கும்?

கேள்விகளுக்குப் போவதற்கு முன் கொஞ்சம் பழைய கதை. எங்கள் மாவட்டத்துக் கதையும்கூட.

சோழவரம்: ரன்வேயில் பிறந்த ட்ராக்

தென்னிந்திய மோட்டார் பந்தயத்தின் தாய்வீடு திருவள்ளூர் மாவட்டத்துச் சோழவரம். பொதட்டூர்பேட்டை மாவட்டத்தின் மேற்குக் கோடி என்றால் சோழவரம் கிழக்குப் பக்கம், செங்குன்றத்தைத் தாண்டி. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அங்கே போட்ட விமான ஓடுதளம், போர் முடிந்ததும் சும்மா கிடந்தது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைப் பந்தயத்துக்குப் பயன்படுத்திக்கொண்டது. 1980களின் கடைசி வரை சோழவரம் ரேஸ் என்றால் ஊரே திரண்டு போகும். அப்பா வயதுக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், யாராவது ஒருவர் போய்வந்த கதை சொல்வார்.

இதில் சென்னை மட்டும் தனி இல்லை. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் போர்க்கால விமானத்தளம்தான். 1948இல் அங்கே நடந்த முதல் பெரிய பந்தயத்தில் கார்கள் ரன்வே மேலேயே ஓடின. அமெரிக்காவின் செப்ரிங்கும் அப்படியே. காரணம் எளிது. போர் முடிந்ததும் உலகம் முழுக்க ரன்வேக்கள் மிஞ்சிப்போயின. அகலமான, தட்டையான, மரமோ சுவரோ இல்லாத தளம். அதன் நடுவே நாலு வளைவைக் குறித்துவிட்டால் ட்ராக் ரெடி.

ஓடுதளத்தில் போட்ட ட்ராக் பார்க்க ஒன்றும் அழகாக இருக்காது. மேடு பள்ளம் கிடையாது. நீளமான நேர்பாதை, சட்டென்று ஒரு திருப்பம், மறுபடியும் நேர்பாதை. ஆனால் அதில் ஒரு பெரிய நன்மை யாரும் திட்டமிடாமலே அமைந்துவிட்டது. வண்டி கையைவிட்டுப் போனால் சுற்றிலும் வெட்டவெளி. சறுக்கிக்கொண்டே போய்த் தானாக நிற்கும். இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

1990இல் கிளப் தன் சொந்த ட்ராக்குக்கு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டைக்கு, இடம் மாறியது. முழு நீளம் 3.717 கி.மீ., 12 வளைவுகள். இப்போது அதற்கு மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர். பிறகு கோவை செட்டிப்பாளையத்தில், ரேஸ் கார்களை இங்கேயே வடிவமைத்துக் கட்டிய எஸ். கரிவரதன் நினைவாகக் கரி மோட்டார் ஸ்பீட்வே வந்தது. அது சிறியது, சுமார் 2 கி.மீ.தான். 2011இல் டெல்லி அருகே கிரேட்டர் நொய்டாவில் புத் சர்க்யூட் வந்தது. 5.125 கி.மீ., 16 வளைவு. வரைந்தவர் ஜெர்மனியின் ஹெர்மன் டில்கே. கடைசியாக நம் தீவுத்திடல்: 3.5 கி.மீ., 19 வளைவு.

வளைவு என்பது ஒரு கணக்கு

ட்ராக் வடிவமைப்பில் பாதி விஷயம் பள்ளிக்கூட இயற்பியலில் அடங்கிவிடும். ஒரு வளைவில் அதிகபட்சம் எவ்வளவு வேகத்தில் போகலாம் என்பது இரண்டு விஷயத்தைப் பொறுத்தது. ஒன்று டயருக்கும் தரைக்கும் உள்ள பிடிமானம். இன்னொன்று வளைவின் ஆரம். வேகத்தின் வர்க்கம் = பிடிமானம் × புவியீர்ப்பு முடுக்கம் × ஆரம். அவ்வளவுதான்.

பிடிமானத்தை 1 என்று வைத்துக்கொள்வோம் (நல்ல டயர், காய்ந்த தார், காற்றழுத்த இறக்கைகளின் உதவி இல்லாமல்). ஆரம் 20 மீட்டர் என்றால் வேகம் நொடிக்கு 14 மீட்டர், அதாவது மணிக்கு 50 கி.மீ. ஆரத்தை நாலு மடங்காக்கி 80 மீட்டர் வைத்தால் மணிக்கு 100 கி.மீ. ஆரம் நாலு மடங்கானால் வேகம் இரண்டு மடங்குதான் ஆகிறது. 200 கி.மீ. வேகத்தில் எடுக்கக்கூடிய வளைவு வேண்டுமானால் ஆரம் 320 மீட்டர் வேண்டும். வேகமான வளைவு நிலத்தைச் சாப்பிடும் என்பது இதிலிருந்தே புரியும்.

அடுத்தது சரிவு. வளைவின் வெளிப்பக்கத்தைத் தூக்கிக் கட்டினால் பிடிமானம் கூடும். 10 சதவீதம் தூக்கினால் மேலே சொன்ன கணக்கில் வேகம் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. நெதர்லாந்தின் சான்ட்வூர்ட் ட்ராக்கைப் புதுப்பித்தபோது இரண்டு வளைவுகளைச் சுமார் 18 டிகிரி அளவுக்குத் தூக்கிக் கட்டினார்கள். பார்க்கப் பிரமாதம். ஆனால் சரிவு சும்மா வருவதில்லை, டயரை அழுத்தும்.

அந்த அழுத்தம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சாட்சி, நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஓடிய ஒரு பந்தயம். 2005 ஜூன் 19, இண்டியானாபோலிஸ். கடைசியில் வரும் 13ஆம் வளைவு தூக்கிக் கட்டிய அதிவேக வளைவு. வெள்ளிக்கிழமைப் பயிற்சியிலேயே அங்கே மிஷெலின் டயர் தாங்காமல் விபத்து. ஞாயிற்றுக்கிழமை மிஷெலின் போட்ட 14 கார்களும் ஒரு வார்ம்-அப் சுற்றோடு ஒதுங்கிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட 6 கார்கள் மட்டும் பந்தயம் ஓடின. அதில் நாலாவதாக வந்து, ஃபார்முலா 1இல் புள்ளி எடுத்த முதல் இந்தியர் ஆனார் நரேன். ஒரே ஒரு வளைவின் வடிவமும் தரையும் சேர்ந்து ஒரு உலகப் பந்தயத்தையே கலைத்துப்போட்டன.

கேள்வி 1: தப்பு செய்தவன் எங்கே போய் நிற்கிறான்?

என் தொழிலில் ஒரு பாடம் உண்டு. எல்லாம் சரியாக நடக்கும்போது புரோகிராம் எப்படி ஓடுகிறது என்பது பெரிதல்ல. ஏதாவது ஒன்று தப்பாகும்போது என்ன செய்கிறது என்பதை வைத்துத்தான் எழுதியவனின் தரத்தைச் சொல்வோம். ட்ராக்கும் அதே கதைதான். ரேஸ் ஓட்டுவதே எல்லைக்கு மிகப் பக்கத்தில் ஓட்டுவது. தப்பு நடக்குமா என்பது கேள்வியே இல்லை, கட்டாயம் நடக்கும்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். 200 கி.மீ. வேகத்தில் வரும் கார் 50 கி.மீ. வளைவுக்காகப் பிரேக் பிடிக்கிறது. மேலே சொன்ன அதே பிடிமானத்தில் அதற்கு 148 மீட்டர் தூரம் வேண்டும். ஓட்டுபவர் அரை நொடி தாமதமாகப் பிரேக் பிடித்தார் என்று வையுங்கள். அந்த அரை நொடியில் கார் 28 மீட்டர் முன்னால் போய்விட்டது. விளைவு: 50இல் எடுக்க வேண்டிய வளைவுக்கு 98 கி.மீ. வேகத்தில் வந்து நிற்கிறார். அரை நொடிக்கு இவ்வளவு!

இனி அவர் நேராக வெளியே போகத்தான் முடியும். வெளியே என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம்.

- வெளியே இன்னொரு தார்ப்பரப்பு இருந்தால் 38 மீட்டரில் நின்றுவிடலாம்.
- ஈரமான புல் என்றால் பிடிமானம் 0.3 அளவுக்கு இறங்கிவிடும் என்று வைத்துக்கொண்டால் சுமார் 126 மீட்டர் வேண்டும்.
- கான்கிரீட் சுவர் இருந்து, காரின் மூக்கு அரை மீட்டர் நசுங்கி நின்றால், உடம்பின்மேல் விழும் விசை சுமார் 75 ஜி.
- அதே சுவருக்கு முன் டயர் அடுக்கு இருந்து, எல்லாம் சேர்ந்து 2 மீட்டர் அமுங்கினால் சுமார் 19 ஜி.

முதல் இரண்டு வரிகளும் நிலம் சம்பந்தப்பட்டவை. கடைசி இரண்டும் நிலம் இல்லாதபோது செய்கிற சமாளிப்பு. தெருவில் போடும் ட்ராக்குக்கு எப்போதும் கடைசி இரண்டில் ஒன்றுதான் வாய்க்கும்.

இத்தாலியின் இமோலா ட்ராக்கில் தம்புரெல்லோ என்ற அதிவேக வளைவு இருந்தது. 1994 மே 1 அன்று அயர்டன் சென்னா சுவரில் மோதி இறந்த இடம். அது ஆபத்தான வளைவு என்று முன்பே தெரியும். சுவரைப் பின்னால் தள்ளலாம் என்றால் பின்னாலேயே ஆறு ஓடியது. அடுத்த ஆண்டு அந்த வளைவையே உடைத்து, வலமும் இடமுமாக நெளிந்து போகிற மாதிரி மாற்றினார்கள். இந்த நெளிவுக்கு சிக்கேன் என்று பெயர். நம்மூர் ரோட்டில் போலீஸ்காரர் பேரிகார்டை மாற்றி மாற்றி வைத்து வண்டியை நெளிந்து போகவைப்பாரே, அதேதான்.

இப்போது தீவுத்திடலைப் பாருங்கள். பெயரே சொல்கிறது, தீவு. கூவம் சுற்றிக்கொண்டு ஓடுகிறது. கொடிமரச் சாலை, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் என்று ட்ராக் போகிறது. பாலத்தில் ரன்-ஆஃப் எங்கே வைப்பீர்கள்? இரண்டு பக்கமும் கான்கிரீட் கட்டை, அதன்மேல் வலை. வேறு வழியே இல்லை. சுவரை நகர்த்த முடியாது, ஆரத்தை மாற்ற முடியாது. வடிவமைப்பாளர் கையில் மிஞ்சுவது ஒன்றுதான்: வேகத்தைக் குறை. அதனால்தான் அங்கே அத்தனை சிக்கேன். வரைந்தவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் யார் வரைந்தாலும் கிட்டத்தட்ட அப்படித்தான் வரும்.

இன்னொன்றும் உண்டு. ஊர் ரோடு மழைத்தண்ணீர் இரண்டு பக்கமும் வடிவதற்காக நடுவில் மேடாக இருக்கும். சாதாரணமாகப் போகும்போது தெரியாது. வளைவில் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குக் குறுக்கே வெட்டிப் போகும்போது, சாய்வு பாதி தூரம் உதவியாகவும் மீதி தூரம் எதிராகவும் இருக்கும். வண்டியின் பிடிமானம் நடுவழியில் மாறும். பாதாளச் சாக்கடை மூடிகள் வேறு. 2023இல் லாஸ் வேகாஸ் தெருப் பந்தயத்தின் முதல் பயிற்சி சில நிமிடங்களிலேயே நின்றுபோனது, தரையிலிருந்த ஒரு மூடி பெயர்ந்து கார்லோஸ் சைன்ஸின் ஃபெராரியைக் கிழித்ததால். கோடி கோடியாகக் கொட்டிய இடத்திலேயே இப்படி.

கேள்வி 2: முந்துவதற்கு இடம் இருக்கிறதா?

பார்க்கிறவர்களுக்கு முக்கியமான கேள்வி இது. வேகம் மட்டும் பந்தயம் ஆகாது, முந்தினால்தான் பந்தயம்.

வேகமான ட்ராக்கில்தான் நிறைய முந்துவார்கள் என்று தோன்றும். உண்மை கொஞ்சம் வேறு. இரண்டு கார்களுக்கு நடுவே அரை நொடி இடைவெளி என்று வையுங்கள். 200 கி.மீ. வேகத்தில் அது 28 மீட்டர். 50 கி.மீ. வேகத்தில் அதே அரை நொடி 7 மீட்டர்தான். அதாவது மெதுவான வளைவு எல்லோரையும் நெருக்கிக் கொண்டுவந்து நிறுத்துகிறது, டோல்கேட்டில் வண்டிகள் ஒட்டி நிற்கிற மாதிரி. அங்கிருந்து நீளமான நேர்பாதை தொடங்கினால், பின்னால் வருபவர் முன்காரின் காற்று மறைவில் ஒட்டிக்கொண்டு வேகம் பிடிக்கலாம். நேர்பாதையின் முடிவில் இன்னொரு மெதுவான வளைவு இருந்தால், அங்கே யார் தாமதமாகப் பிரேக் பிடிக்கிறாரோ அவர் முந்துகிறார். ஆக, சூத்திரம்: மெதுவான வளைவு, நீளமான நேர்பாதை, மறுபடியும் மெதுவான வளைவு.

டில்கே புத் சர்க்யூட்டில் இதை அப்படியே வைத்தார். 3ஆம் வளைவு மேட்டில் ஏறித் திரும்பும் மெதுவான வளைவு. அதற்கடுத்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் நேர்பாதை. முடிவில் மறுபடியும் இறுக்கமான 4ஆம் வளைவு. அதோடு, பிரேக் பிடிக்கும் இடத்தில் ட்ராக்கை அகலப்படுத்தினார். அகலம் இருந்தால் இரண்டு மூன்று கோடுகளில் வளைவுக்குள் நுழையலாம், முன்னால் போகிறவர் ஒரே கோட்டை அடைத்துக்கொள்ள முடியாது.

இப்போது ஒரு சின்ன வகுத்தல் கணக்கு. ட்ராக் நீளத்தை வளைவு எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வளைவுக்குச் சராசரியாக எத்தனை மீட்டர்?

- புத் சர்க்யூட்: 320 மீட்டர்
- இருங்காட்டுக்கோட்டை: 310 மீட்டர்
- சிங்கப்பூர் தெருச் சர்க்யூட் (2023 முதல் உள்ள வடிவம்): 260 மீட்டர்
- சென்னை தீவுத்திடல்: 184 மீட்டர்

200இலிருந்து 50க்கு இறங்கவே 148 மீட்டர் வேண்டும் என்று மேலே பார்த்தோம். 184 மீட்டருக்கு ஒரு வளைவு என்றால் வேகம் பிடித்து, ஒட்டி, முந்த எங்கே இடம்? சராசரிதான், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. ஆனாலும் அந்த எண் ட்ராக்கின் குணத்தைக் காட்டிவிடுகிறது. பாதுகாப்புக்காகப் போட்ட சிக்கேன்களே முந்துவதற்கான இடத்தைத் தின்றுவிட்டன. முதல் கேள்விக்குச் சொன்ன பதிலே இரண்டாவது கேள்வியில் உதைக்கிறது.

சிங்கப்பூரைப் பட்டியலில் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. 2008இல் ஃபார்முலா 1இன் முதல் இரவுப் பந்தயம் அங்கே நடந்தது. அன்று 23 வளைவுகள். ஓட்டுநர்கள் திட்டித் தீர்த்த ஒரு சிக்கேனை 2013இல் எடுத்தார்கள். 2023இல் மெரினா பே பக்கம் நாலு வளைவுகளை நீக்கி நேர்பாதை ஆக்கினார்கள். 15 ஆண்டாகச் செதுக்கிக்கொண்டே இருக்கிறார்கள். தெருச் சர்க்யூட் ஒரே தடவையில் சரியாக வராது. ஆண்டுதோறும் அதே இடத்தில் நடந்தால்தான் திருந்தும். ஒரு தடவை நடத்தி மூட்டை கட்டினால், கற்றதும் மூட்டையோடு போய்விடும்.

கேள்வி 3: திங்கட்கிழமை என்ன நடக்கும்?

புத் சர்க்யூட் தொழில்நுட்ப ரீதியாக அருமையான ட்ராக். ஓட்டியவர்கள் பாராட்டினார்கள். ஆனால் ஃபார்முலா 1 அங்கே 2011, 2012, 2013 என்று மூன்றே தடவை வந்தது. மூன்றிலும் வென்றவர் செபாஸ்டியன் வெட்டல். அப்புறம் வரிப் பிரச்சினை, பணப் பிரச்சினை என்று நின்றேபோனது. பத்து ஆண்டு கழித்து 2023 செப்டம்பரில் மோட்டோஜிபி ஒரே ஒரு தடவை வந்துபோனது. உலகத்தரம் என்ற ஒற்றை இலக்குக்காகக் கட்டிய ட்ராக், உலகம் வராதபோது என்ன செய்வது என்று யோசிக்காமல் கட்டப்பட்டது.

இருங்காட்டுக்கோட்டை அப்படி இல்லை. ஃபார்முலா 1 அங்கே வந்ததே இல்லை, வரவும் முடியாது. ஆனால் 1990இலிருந்து ஆண்டுதோறும் தேசியப் போட்டிகள் நடக்கின்றன. பைக் கம்பெனிகளின் பயிற்சி வகுப்பு, வண்டிச் சோதனை, வார இறுதியில் சாதாரண ஆட்கள் சொந்த வண்டியில் ஓட்டிப் பார்க்கும் நாள் என்று ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருக்கிறது. செட்டிப்பாளையத்துச் சின்ன ட்ராக்கும் அப்படியே. ட்ராக்கின் பெருமை நீளத்தில் இல்லைங்க, ஆண்டுக்கு எத்தனை நாள் எஞ்சின் சத்தம் கேட்கிறது என்பதில்தான்.

காரா, பைக்கா?

இங்கேதான் என் முக்கியமான கருத்து. தமிழ்நாட்டில் இனி ஒரு ட்ராக் கட்டினால் அதை முதலில் பைக்குக்காக வரைய வேண்டும். கார் இரண்டாவது.

பைக்கும் காரும் ட்ராக்கிடம் கேட்பது வேறு வேறு. காருக்குள் இருப்பவரைச் சுற்றி ஒரு கூடு இருக்கிறது. மேலே சொன்ன 19 ஜி, பட்டையெல்லாம் கட்டியிருந்தால், பிழைக்கக்கூடிய விசை. பைக்கில் விழுந்தவருக்கு உடம்புதான் கூடு. தோல் உடுப்பும் ஹெல்மெட்டும் சறுக்கிக்கொண்டு போவதைத் தாங்கும், சுவரைத் தாங்காது. காருக்கு நல்லதான இரும்புத் தடுப்பு பைக்காரருக்கு எமன். கார் ஏறி இறங்கும் உயரமான ஓரக்கட்டை பைக்கைத் தூக்கி எறியும். விழுந்தவர் உருண்டு போய் நிற்க நீளமான சரளைப் படுகை வேண்டும், சுவர் எட்டத்தில் இருக்க வேண்டும். பைக்குக்காக அகலமாக வரைந்த ட்ராக்கில் கார் தாராளமாக ஓடலாம். காருக்காகச் சுவர் ஒட்டி வரைந்த ட்ராக்கில் பைக் ஓடக் கூடாது. தீவுத்திடல் மாதிரி தெருச் சர்க்யூட்டில் பைக் பந்தயத்தை நினைத்தே பார்க்க முடியாது.

நம்மூரில் யார் ரேஸுக்கு ஆசைப்படுகிறார்கள்? ஃபார்முலா கார் வாங்கும் வீட்டுப் பிள்ளைகள் கைவிட்டு எண்ணிவிடலாம். பைக் அப்படியா? ஓசூரில் டிவிஎஸ், ஒரகடம் பக்கம் ராயல் என்ஃபீல்டும் யமஹாவும். எங்களுக்குப் பக்கத்தில் அரக்கோணத்தில் எம்.ஆர்.எஃப். டயர் தொழிற்சாலை. வண்டியும் டயரும் செய்கிற ஊர்க்காரர்கள் நாம். பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டுகிற வீட்டிலும் இன்று 150, 200 சிசி பைக் நிற்கிறது. மாதத் தவணையில் வாங்கியதுதான். அந்த வண்டியின் முழு வேகத்தை ஒரு பையன் எங்கே போய்ப் பார்ப்பான்? சென்னை–திருப்பதி ரோட்டில்தான் பார்க்கிறான். ராத்திரி பத்து மணிக்கு மேல் திருத்தணி பக்கம் வந்தால் சத்தம் கேட்கும். எதிரே ஆந்திராவிலிருந்து லாரி வரும், ரோட்டோரம் புளியமரம் நிற்கும், குறுக்கே மாடு வரும், திருத்தணிக்கு நடந்து போகிற பாதயாத்திரைக்காரர்கள் இருப்பார்கள். ரன்-ஆஃப் பூஜ்யம். மேலே போட்ட அரை நொடிக் கணக்கை அந்த ரோட்டில் வைத்துப் பாருங்கள்.

"வேகமாப் போகாதே" என்று நாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். கேட்கிறவன் கேட்பான். கேட்காதவனுக்கு ஒரு இடம் இருக்க வேண்டாமா?

ட்ராக் கட்டிவிட்டால் உயிர்ப்பலி இருக்காது என்று நான் சொல்லவில்லை. இருங்காட்டுக்கோட்டையிலேயே 2023 ஜனவரியில் அனுபவமுள்ள ஒரு கார் ஓட்டுநரும், அதே ஆண்டு ஆகஸ்டில் 13 வயதுப் பைக் வீரர் ஒருவரும் பந்தயத்தில் இறந்தார்கள். அந்தச் சிறுவன் விழுந்ததும் பின்னால் வந்த வண்டியே மோதியது. எவ்வளவு பெரிய சரளைப் படுகையும் அதைத் தடுக்காது. எந்த வயதில் எந்த வண்டி, ஒரு பந்தயத்தில் எத்தனை பேர், கொடி காட்டுபவர் எவ்வளவு சீக்கிரம் காட்டுகிறார் என்பதெல்லாம் வரைபடத்துக்கு வெளியே உள்ள விஷயங்கள். வடிவமைப்பு பாதி வேலையைத்தான் செய்யும். அந்தப் பாதியையும் விட்டுவிட்டு ரோட்டில் ஓடவிடுவதுதான் எனக்குப் புரியவில்லை.

என் ஆசைப் பட்டியல்

சரி, குறை சொல்லியாகிவிட்டது. நானே வரைந்தால் எப்படி வரைவேன்?

நீளம் 2இலிருந்து 2.5 கி.மீ. போதும். ஃபார்முலா 1க்கு 3.5 கி.மீ.யாவது வேண்டும் என்பது சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பின் விதி. மொனாக்கோவுக்கு மட்டும் சலுகை. நமக்கு ஃபார்முலா 1 வேண்டாம் என்று முடிவெடுத்த அந்த நிமிடமே பாதிச் செலவும் பாதி நிலமும் குறைந்துவிடும்.

அகலம் 12 மீட்டர், தொடங்கும் இடத்தில் 15 மீட்டர். இது அதே கூட்டமைப்பு புதிய ட்ராக்குகளுக்குச் சொல்லும் அளவு. இதில் கஞ்சத்தனம் கூடாது.

ஒரே ஒரு நீளமான நேர்பாதை, 600 மீட்டர் அளவுக்கு, இரண்டு முனையிலும் மெதுவான வளைவோடு. பந்தயத்துக்கு அது போதும். மீதி எல்லாம் நடுத்தர வேக வளைவுகள். ஓட்டக் கற்றுக்கொள்வது அங்கேதான்.

இரண்டாகப் பிரிக்க வசதி. நடுவில் ஒரு குறுக்குப் பாதை போட்டால், ஒரு பக்கம் ரேஸ் பயிற்சி நடக்கும்போதே மறுபக்கம் ஆம்புலன்ஸ், போலீஸ், பள்ளி பஸ் டிரைவர்களுக்குப் பிரேக் பயிற்சி, சறுக்கல் பயிற்சி கொடுக்கலாம். திங்கட்கிழமைக் கேள்விக்குப் பதில் இதுதான்.

தண்ணீர் வடிகால். ஐப்பசி, கார்த்திகை மழையை நினைத்துத் தரைச் சரிவு வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் தார் இளகாத கலவையும் வேண்டும். வெளிநாட்டு வரைபடத்தை அப்படியே கொண்டுவந்து வைத்தால் இந்த இரண்டிலும் அடிபடுவோம்.

வேலி. சிரிக்காதீர்கள். 2011இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 பந்தய வாரத்தில், முதல் பயிற்சியிலேயே ட்ராக்கில் தெருநாய் புகுந்து சிவப்புக் கொடி காட்ட வேண்டியதாயிற்று.

நிலம். இதுதான் பெரிய சிக்கல். காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கமெல்லாம் ஏரியும் ஏரிப்பாசனமும் உள்ள பூமி. ட்ராக்குக்காக விளைநிலத்தை எடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் சோழவரம் மாதிரி போர்க்கால ஓடுதளங்கள் தமிழ்நாட்டில் இன்னும் உண்டு. உளுந்தூர்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு. விமான நிலையத் திட்டம் வரும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. வருகிற வரைக்கும், மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அங்கே வாடகை ஹெல்மெட், வாடகைத் தோல் உடுப்பு, இரண்டு பயிற்சியாளர், ஒரு ஆம்புலன்ஸ் இருந்தால் என்ன? பிளாஸ்டிக் கூம்பு வைத்து வளைவைக் குறித்துக்கொள்ளலாம். தப்பு செய்தவன் வெட்டவெளியில் சறுக்கி நிற்பான், எழுந்து தூசி தட்டிக்கொள்வான். 1950களில் சோழவரத்தில் நம்மவர்கள் ஓடுதளத்தை வைத்துக்கொண்டு தொடங்கியதும் இப்படித்தான்.

அடுத்த தடவை எந்த ஊரிலாவது "உலகத்தர ரேஸ் ட்ராக்" வரப்போகிறது என்று செய்தி வந்தால், கூடவே ஒரு வரைபடமும் வரும். அதில் நீளத்தையும் வளைவு எண்ணிக்கையையும் மட்டும் பார்க்காதீர்கள். ஒவ்வொரு மெதுவான வளைவுக்கும் வெளிப்பக்கம் எத்தனை மீட்டர் காலியிடம் விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அப்புறம், திருத்தணியிலிருந்து ஒரு பையன் தன் 150 சிசி வண்டியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனால் கேட்டைத் திறந்து விடுவார்களா, எவ்வளவு கட்டணம் கேட்பார்கள் என்று விசாரியுங்கள்.